திருவல்லிக்கேணி, மூன்றாம் சந்து

1934 ஆவணி 1, புதன். இணுவில்.

சோளகக் காற்று ஓயவில்லை. விடிந்ததிலிருந்து புழுதி. மேற்கு வேலியில் இரண்டு கதிகால் சாய்ந்துவிட்டது. நிமிர்த்திக் கட்ட ஆள் வேண்டும். யாரைக் கேட்டாலும் நாளைக்கு என்கிறார்கள். நாளை மறுநாள் பயணம்.

கொண்டுபோக:
வேட்டி ஆறு, சால்வை இரண்டு.
கறுப்புக் கோட்டு. மேல் பொத்தான் இல்லை, மச்சாளிடம் தைக்கக் கொடுக்க.
மூக்குக்கண்ணாடி, பழையதும் சேர்த்து.
பித்தளைச் செம்பு, காசித் தண்ணீர் அடைக்க.
பனங்கட்டி, எள்ளுருண்டை.
புழுக்கொடியல் ஒரு கட்டு. வழியில் சப்புவதற்கு.

காசி, அண்ணையின் பெண்சாதி மச்சாளின் நேர்த்திக்கடன். அண்ணை போய்ப் பத்தொன்பது வருடம். அவருக்குக் காசியில் பிண்டம் வைக்க வேண்டும் என்று பத்தொன்பது வருடமாகச் சொல்கிறார். பிள்ளை இல்லை, தம்பி நான்தான் வைக்க வேண்டும். என் பெண்சாதி பண்டத்தரிப்பில், மகளின் பிள்ளைப்பேற்றுக்கு. அவளுக்கு வர மனமும் இல்லை. ஆகவே மச்சாளும் நானும். போகிற வழியில் மதராஸ். வேறு வழியாகப் போகலாமா என்று ரயில் அட்டவணையை இரண்டு நாள் பார்த்தேன். போகலாம். கேட்டவர்களிடம் வழியில்லை என்று சொன்னேன்.

பள்ளிக்கூடம் போனேன். விடுமுறையானாலும் ஊரைவிட்டுப் போகிறவர் எழுதித் தர வேண்டுமாம், புதிய தலைமை ஆசிரியரின் சட்டம். என்னிலும் பதினொரு வயது இளையவர். லண்டன் பி.ஏ. என்னுடையது மதராஸ் பி.ஏ. இரண்டுக்கும் உள்ள தூரத்தை இந்த வருடம்தான் அளந்து தெரிந்துகொண்டேன். கடிதத்தை வாசித்துவிட்டு, "மதராசோ? உங்கடை பழைய இடமல்லோ, மாஸ்டர்" என்றார். பழைய என்பதை அழுத்தினார். குறித்து வைக்கிறேன்.

ஆவணி 2, வியாழன்.

காற்று. கண்ணில் மண். பொத்தான் தைக்கப்படவில்லை.

சத்திரத்து விலாசம் தேடித் தகரப் பெட்டியைத் திறந்தேன். கிடைத்தது ஏகாம்பரத்தின் கார்டு. எழுதிவிடுகிறேன். எழுதினால் பெட்டியைத் திரும்பத் திறக்காமல் இருப்பேன்.

மதராசில் நாலு வருடம் ஏகாம்பரத்தின் வீட்டு மாடி அறையில்தான் இருந்தேன். திருவல்லிக்கேணி, குளத்துக்குத் தெற்கே மூன்றாம் சந்து. இருவரும் ஒரே வகுப்பு. தாயில்லாதவன். தகப்பனார் கச்சேரிக் குமாஸ்தா. ஆமாம் என்பதற்கு நான் 'ஓம்' என்பேன், வகுப்பு முழுவதும் சிரிக்கும். ஏ. மட்டும் ஒவ்வொரு ஓமுக்கும் 'நமச்சிவாய' என்று சேர்த்து மந்திரத்தை முடித்துவைப்பான். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'யாழ்ப்பாணம்' என்பான். நம்முடைய சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வந்தான். கெதி - வேகம். வடிவு - அழகு. பேந்து - பிறகு. நான் ஊருக்குத் திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டான்: கடிதத்தில் இலக்கணம் வேண்டாம், பேசுகிற மாதிரியே எழுது, உன் குரல் கேட்க வேண்டும். மூன்று வருடம் அப்படியே எழுதினேன்.

அண்ணை ஒருதரம் என்னைப் பார்க்க மதராஸ் வந்தார். வந்த அன்றே ஏ.க்குக் கடும் காய்ச்சல். எனக்குப் பரீட்சை. அண்ணை எட்டு நாள் அவன் தலைமாட்டில் இருந்தார். கஞ்சி காய்ச்சிப் பருக்கினார், ஈரத்துணி மாற்றினார். இங்கே புகையிலைக்குத் தண்ணீர் இறைக்க ஆளில்லை. ஏ. எழுந்து நடந்த அன்று அவர் காலில் விழுந்து கும்பிட்டான்.

1915இல் அண்ணைக்கு அதே மாதிரிக் காய்ச்சல். மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு வண்டில் கட்டினோம். பாதி வழியில் முடிந்தது. வயது முப்பத்து நாலு.

செத்தவீட்டுக்கு மறுநாள் ஏ.க்கு ஒரு கார்டு போட்டேன். "அண்ணை முந்தநாள் மோசம் போயிட்டார். எனக்கு ஒண்டும் ஓடேல்லை. பேந்து எழுதிறன்." அதற்கு மேல் கை நகரவில்லை.

வந்த பதில் இதோ கிடக்கிறது. பார்க்காமலே எழுதுவேன்.

"உன் கார்டு கிடைத்தது. அண்ணாவா மோசம் போனார்? அவ்வளவு சமர்த்தர் ஆயிற்றே! சரி, போனது போகட்டும். புகையிலை வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம். இனிமேலாவது ஆளைப் பார்த்துப் பழகச் சொல். நீ மனதை அலட்டிக்கொள்ளாதே."

நாங்கள் எரித்துவிட்டு வந்த அண்ணையை இனிமேல் கவனமாக இருக்கச் சொல்கிறான். எட்டு நாள் கஞ்சி குடித்த வாய். அன்றோடு ஏ.யைத் தலைமுழுகினேன். கார்டை ஒருவருக்கும் காட்டவில்லை, மச்சாளுக்கும்.

பிறகு மூன்று கடிதம் வந்தது. மூன்றையும் உடைக்காமல் 'ஏற்கவில்லை' என்று உறையில் எழுதித் திருப்பினேன். மூன்றாவதை நீட்டும்போது தபால்காரர், "மாஸ்டர், இது கலியாணக் காயிதம் போலை கிடக்கு, மூலையிலை மஞ்சள் பூசிக் கிடக்கு" என்றார். திருப்பிவிடும் என்றேன். அவர் முகம் போன போக்கை மறக்கவில்லை. அந்தக் கார்டை வாசித்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

மதராசில் நாலைந்து நாள். நான் அவனைப் பார்க்கப் போவதில்லை. அவன் என்னைப் பார்க்க வேண்டும். தெருவில் எதிர்ப்பட வேண்டும், தலையைக் குனிய வேண்டும், நான் கடந்து போக வேண்டும். இதற்காக ஒருவன் கடல் தாண்டமாட்டான். நான் காசிக்குப் போகிறேன்.

ஆவணி 4, சனி. கப்பலில்.

நேற்று எழுத முடியவில்லை. மதவாச்சியில் வண்டி மாற்றம், இடமில்லை, இரண்டு புகையிலை வியாபாரிகளுக்கு நடுவே நெருங்கியிருந்து தலைமன்னார் வரை. ஒருவர் மற்றவருக்கு மூன்று மணி நேரம் தன் சம்பந்தியைப் பற்றிச் சொன்னார். மற்றவர் சொன்னதெல்லாம் "சரியான ஆள்தான்" என்பது மட்டும். எந்தச் சம்பந்திக்கும் பொருந்தும்.

கடல் அமைதி. மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுக்கிறார். இதுவரை கீரிமலைக் கடல் தவிர வேறு கடல் பார்த்ததில்லை. "கரை தெரிஞ்சால் சொல்லுங்கோ தம்பி, பேந்து முழிக்கிறன்" என்றார்.

தனுஷ்கோடி. சுங்கத்துக்காரன் புழுக்கொடியல் கட்டைத் தட்டிப் பார்த்தான். "இது இன்னாங்க, வெறகா?" அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, சாப்பிடுகிற சாமான் என்றேன். ஒன்றைக் கடித்தான். பல்லைத் தடவிக்கொண்டான். "நீங்க மலையாளமா?"

தமிழ் என்றேன். நம்பாத முகம். இருபது வருடம் தமிழ் படிப்பிக்கிறேன். இவனுடைய 'இன்னா'வுக்கு எங்கள் நாலாம் வகுப்பில் பிரம்படி.

மதராஸ் டிக்கெட்டை இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன். தேதி சரிதானா என்று.

ஆவணி 5, ஞாயிறு. மதராஸ்.

எழும்பூரில் இறங்கியதும் அதே மணம். கரிப்புகை, மல்லிகைப்பூ, குதிரைச்சாணி. கால்கள் தாமாகவே சரியான வாசலுக்கு நடந்தன. மச்சாள் பின்னால் ஓடி வந்தார்.

சத்திரத்தில் கீழ் அறை. சிந்தாதிரிப்பேட்டை. திருவல்லிக்கேணிக்கு நடக்கிற தூரம். அதற்காக எடுக்கவில்லை, மலிவு.

கோப்பி இரண்டு, பகலுக்குள் மூன்றாவதும். இந்தக் கோப்பிக்காக மட்டும் இந்த ஊரை மன்னிக்கலாம். மச்சாள் ஒரு மிடறு குடித்துவிட்டு, "கசாயத்துக்கு என்னத்துக்குச் சீனி போடுறாங்கள்?" என்று கேட்டார்.

டிராம் கூடிவிட்டது. மோட்டார் பஸ்சும். கடற்கரை இருந்தபடியே இருக்கிறது. என் கல்லூரியின் சிவப்புச் சுவர் முன்னால் நின்றேன். காவலாளி என்ன வேண்டும் என்றான். ஒன்றும் வேண்டாம் என்றேன். இங்கே படித்தவன் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு என்ன.

இருபத்திரண்டு வயதில் இந்த மணலில் நடந்தபோது, ஊர் திரும்பினால் ஐந்து வருடத்தில் தலைமை ஆசிரியர் என்று கணக்கு வைத்திருந்தேன். ஏ. சொன்னான்: நீ தலைமை ஆசிரியர் ஆனால் பள்ளிக்கூடத்துக்கே ஓம் நமச்சிவாய. அதற்குச் சிரித்தேன். அப்போது எதற்கும் சிரிப்பேன்.

மாலையில் குளம் வரை. பிறகு தெற்கே. முதலாம் சந்து, இரண்டாம் சந்து. மூன்றாவதின் முனையில் நின்று திரும்பி வந்துவிட்டேன். மழை வரும் போல இருந்தது. வரவில்லை.

ஆவணி 6, திங்கள்.

காசி வண்டிக்கு இடம் வியாழன்தான். இன்னும் மூன்று நாள். ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. மச்சாளைக் கோயிலில் விட்டுவிட்டு நடந்தேன்.

மூன்றாம் சந்துக்குள் போனேன். வீடு அங்கேதான். சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறது, கதவு பச்சை. மாடி அறை ஜன்னலில் யாருடையதோ சிவப்புப் பாவாடை காய்கிறது. என் ஜன்னல். நடந்து மறுமுனை வரை போய்த் திரும்பி நடந்தேன். கதவு சாத்தியிருந்தது. முனையில் வெற்றிலைக் கடை. ஒரு வெற்றிலை வாங்கினேன். திரும்ப ஒரு நடை. திரும்ப ஒரு வெற்றிலை.

நாலாம் முறை கடைக்காரர் கேட்டார்: "யாரைத் தேடறீங்க சார்?"

ஒருவரையும் இல்லை என்றேன்.

"அப்படின்னா ஏகாம்பரம் சாரா இருக்கும். அவர் ஆபீஸ்லேருந்து வர அஞ்சரை ஆகும். உக்காருங்களேன்."

என் முகத்தில் எழுதியா இருக்கிறது? கையில் நாலு வெற்றிலையோடு அவசரமாக வந்துவிட்டேன். ஐந்தரைக்குச் சத்திரத்து வாசலில் நின்று கடிகாரம் பார்த்தேன். உயிரோடு இருக்கிறான். இன்னும் வேலையில் இருக்கிறான். சார் என்கிறார்கள்.

புழுக்கொடியல் கட்டு அவிழ்க்கப்படாமல் இருக்கிறது. ஏ. அதை எப்படிச் சப்புவான் என்று வேண்டாத நினைவு. ஒரு துண்டுக்கு அரை நாள் எடுப்பான். கணக்குப் போடும்போது வாய்க்குள் இருக்கும்.

ஆவணி 7, செவ்வாய்.

காலை ஏழு மணி இருக்கும். சத்திரத்துக் குழாயடி. என் முறை வந்து செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் மச்சாள் துணி அலம்பிக்கொண்டு, அடுத்த அறைக் காஞ்சிபுரத்து அம்மாளோடு கதைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கணவரின் கண் வைத்தியத்துக்கு வந்தவர். நல்ல மனுஷி, முதல் நாளே எங்களுக்கு ரசம் கொடுத்து அனுப்பியவர். எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். மச்சாள் சொன்னார்:

"காசிக்கம்மா. என்ரை மனிசன் மோசம் போய்ப் பத்தொன்பது வரியமாச்சு. அவருக்காகத்தான்."

"அடப் பாவமே. யாரும்மா ஏமாத்தினது? சொந்தக்காரங்களா?"

மச்சாள் விளங்காமல் பார்த்தார். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, "கூட்டாளியா? வியாபாரத்துல ஆளு பாத்துதாம்மா பழகணும். கழுத்தப் பாத்தேன், கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். அந்த ஏக்கத்துலயே போய்ச் சேந்துட்டாரா?" என்றார்.

"ஆரும் ஏமாத்தேல்லை, காய்ச்சல்" என்றார் மச்சாள்.

பிறகு மெல்ல இருவருக்கும் விளங்கியது. எங்கடை ஊரிலை மோசம் போறதெண்டால் சாகிறது என்று இவர். எங்க பக்கம் மோசம் போறதுன்னா ஏமாந்து போறது என்று அவர். மச்சாள் சிரித்தார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அண்ணை போனபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டும் ஒண்டுதான் அம்மா. என்னை ஏமாத்திப்போட்டுத்தானே போனவர்."

செம்பு நிரம்பி என் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர் குழாயை மூடினார்.

மாலை 4. இதுவரை ஒன்றும் சாப்பிடவில்லை.

கார்டை மனதுக்குள் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். ஒரு சொல்லை மட்டும் மாற்றி. அண்ணாவா ஏமாந்தார்? அவ்வளவு சமர்த்தர் ஆயிற்றே. போனது போகட்டும். இனிமேலாவது ஆளைப் பார்த்துப் பழகச் சொல். ரசம் கொடுத்த அம்மாள் இன்று காலை சொன்னது அதே வசனம். அதே அன்போடு.

நாலு வருடம் இந்த ஊரில் இருந்தேன். இந்தச் சொல் ஒருநாளும் குறுக்கே வரவில்லை. நாங்கள் இளைஞர், சாவைப் பற்றிப் பேசியதில்லை. ஒருவரும் எங்களை ஏமாற்றவும் இல்லை.

பேசுகிற மாதிரி எழுது என்றவன் அவன். 'காலமானார்' என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். கொப்பி வைத்துச் சொல் சேர்த்தவன், ஒரு சொல் ஒட்டவில்லை என்றால் என்னவென்று கேட்டு எழுதக்கூடாதா? கேட்டிருப்பான். அந்த மூன்று கடிதத்தில் கேட்டிருப்பான். அதை நான்

வெளியே போய் வந்தேன். டிராமில் ஏறி முடிவு வரை போய் அதே டிராமில் திரும்பினேன். கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்த்தான்.

போன தவணை ஒரு மாணவன் கட்டுரையில் 'நாரி நோகிறது' என்று எழுதினான். 'நாரி என்றால் பெண். இடுப்பு என்று எழுது' என்று சிவப்பு மையால் வெட்டினேன். இரண்டு புள்ளி குறைத்தேன். நான்தான் தமிழ் மாஸ்டர்.

ஆவணி 8, புதன்.

போனேன்.

நாள் முழுவதும் போவதில்லை என்றிருந்து, ஐந்து மணிக்குக் கோட்டைப் போட்டேன். பொத்தான் இல்லாத இடத்தில் ஊசி குத்திக்கொண்டேன். மச்சாளிடம் பழைய சிநேகிதன் ஒருவன் என்று மட்டும். வெற்றிலைக் கடைக்காரர் எழுந்து நின்று கையைக் காட்டினார், வழி தெரியாதவனுக்குப் போல.

பச்சைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. பேச வேண்டியதை வரிசையாக வைத்திருந்தேன், முதலில் சொல், பிறகு கார்டு, பிறகு மன்னிப்பு. படியில் நின்றேன். உள்ளேயிருந்து குரல்: "யாரது வாசல்ல? உள்ள யாரையாவது பாக்கணுமா?"

"ஓம்" என்றேன். வேறு என்ன வரும் என் வாயில்.

பிறகு, மெதுவாக, "நமச்சிவாய."

எழுந்து வந்தான். வழுக்கை. தடித்துவிட்டான். முன்பல் ஒன்று இல்லை. என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குத் திருப்பினான். "யாழ்ப்பாணம். அடப்பாவி. யாழ்ப்பாணம்டா இது." உள்ளே பார்த்துச் சத்தம் போட்டான்.

அவன் மனைவி கோப்பியோடு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, அவனிடம், "கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி அனுப்பினாரே, அந்த யாழ்ப்பாணமா?" என்று கேட்டார். பதினெட்டு வருடம் தயாராக வைத்திருந்த கேள்வி.

"விலாசம் தப்பாப் போயிருக்கும்னு அப்பவே சொன்னேனேடி" என்றான் ஏ.

உறையில் இருந்தது என் கையெழுத்து. நாலு வருடம் பக்கத்திலிருந்து பார்த்த கையெழுத்து. அவனுக்குத் தெரியும். கோப்பியை ஆற்றிக் கொடுத்தான்.

தொடங்க வாய் எடுத்தேன். அதற்குள் கேட்டுவிட்டான்.

"அதெல்லாம் கிடக்கட்டும். அண்ணா எப்படிடா இருக்கார்? அந்தச் சங்கடத்துலேருந்து எழுந்துட்டாரா? எனக்குத் தெரியும்டா. மானஸ்தன் நீ, வீட்டுல கஷ்டம், அதான் எழுதலைன்னு நெனச்சுண்டேன்."

இந்த வீட்டில் அண்ணை சாகவேயில்லை. பத்தொன்பது வருடமாக இங்கே உயிரோடு இருக்கிறார். ஏமாந்துபோய், திரும்ப உழைத்து, தோட்டம் செய்துகொண்டு.

"சௌக்கியம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று நடந்து வந்த வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அது மட்டுமில்லை. அவன் கேட்ட விதம். அண்ணையை அப்படி ஒருவன் கேட்டுக் கனகாலம்.

அதோடு நிறுத்தவுமில்லை. தலை நரைத்துவிட்டது என்றேன். இப்போது தோட்டத்தைக் குறைத்துக்கொண்டார், முழங்கால் நோ, ஆனாலும் காலையில் ஒருநடை போய்ப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது என்றேன். முப்பத்து நாலு வயதில் போனவருக்கு ஐம்பத்து மூன்று வயது வரை ஒரு வாழ்க்கை, ஒரு கோப்பி குடிக்கிற நேரத்தில். ஏ. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். கண் நிறைந்துவிட்டது. "எழுந்துடுவார்னு தெரியும்டா. எட்டு நாள் தூங்காத மனுஷன். கூட்டிண்டு வந்திருக்கலாமேடா."

புழுக்கொடியல் கட்டைக் கொடுத்தேன். அண்ணா குடுத்தனுப்பினாரா என்று கேட்டான்.

ஓம் என்றேன். இந்தமுறை அவன் நமச்சிவாய சொல்லவில்லை. ஒரு துண்டை எடுத்து இல்லாத பல்லின் பக்கமாகக் கடித்துப் பார்த்துச் சிரித்தான்.

ஆவணி 9, வியாழன். சென்ட்ரல் ஸ்டேசன்.

வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம். மச்சாள் மூட்டைமேல் இருக்கிறார். முடிந்தவரை எழுதுகிறேன்.

விடிந்ததும் மச்சாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, திருப்பிய கடிதங்கள், குழாயடி, நேற்றுச் சொன்ன பொய். கேட்டுக்கொண்டே கோட்டை மடியில் வைத்துப் பொத்தான் தைத்தார். முடிச்சுப் போட்டு நூலைக் கடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"உங்களுக்குத் தம்பி, ஆரோடையாவது கோவிச்சுக்கொண்டு இருக்காட்டில் சாப்பாடு செமிக்காது. உங்கடை அண்ணை அப்பவே சொல்லுறவர்."

கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

"வாங்கோ, போவம். நான் சொல்லுறன். அவர் என்ரை மனிசன்."

வேண்டாம், எழுதி அனுப்பலாம் என்றேன். "எழுதினது காணும், போதும்" என்றார்.

எட்டு மணி. ஏ. ஆபீசுக்குப் புறப்பட்டு, தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் சிரித்தான். பின்னால் வந்தவரைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டான். யார் என்று கண்ணால் கேட்டான். மச்சாள் நான் பேசக் காத்திருக்கவில்லை.

"நான் இவரின்ரை அண்ணையின்ரை பெண்சாதி."

ஏ. வரவேற்கக் கை கூப்பினான். பிறகு அவருடைய கழுத்தைப் பார்த்தான். வெள்ளைச் சேலையைப் பார்த்தான். கூப்பிய கை அப்படியே நின்றது.

மச்சாள் சொல்லைத் தேர்ந்து வைத்திருந்தார். "அவர் செத்துப்போனார், தம்பி. தொளாயிரத்துப் பதினைஞ்சிலை. உங்களுக்கு வந்த அதே காய்ச்சல். இவர் உங்களுக்கு அதைத்தான் எழுதினவர். எங்கடை ஊரிலை அதுக்கு மோசம் போறதெண்டுதான் சொல்லுறது."

நான் நிலத்தைப் பார்த்தேன். தெருவில் எதிர்ப்படும்போது அவன் தலையைக் குனிய வேண்டும் என்று நினைத்து வந்தவன்.

ஏ. தலைப்பாகையை மனைவியிடம் கொடுத்தான். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். சட்டையைக் கழற்றினான். கொல்லைப்புறம் போனான். கப்பி கிறீச்சிடும் சத்தம். வாளி விழுந்த சத்தம். பிறகு, வேட்டியோடு, தலையில் தண்ணீர்.

அவன் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று அழுதார். ஒருநாளும் காணாத மனிதருக்கு.

"போங்கோ. போய்த் தண்ணி அள்ளிக் குடுங்கோ" என்றார் மச்சாள்.

கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். கிணற்றடியில் என் பக்கம் திரும்பாமல் நின்றான். கயிற்றைக் கேட்டேன். தரவில்லை. இரண்டாம் வாளியையும் அவனே இழுத்து ஊற்றிக்கொண்டான். மூன்றாம் வாளிக்குத் தந்தான்.